பத்தரை மணித் தூசு

— நான் கேக்குறது ஒரே ஒரு கேள்வி. போன வருஷம் ஜூன் பதினாலாம் தேதி இந்த ரூம்ல என்ன நடந்துச்சு?

— நேத்து என்ன சாப்பிட்டேன்னு கேட்டாலே நான் முழிப்பேன். நீ போன வருஷத்தைக் கேக்குற.

— முழிக்கிறதுக்கெல்லாம் இப்ப நேரமில்லைங்க. நாலு மணிக்கு ஜீப் கிளம்புது. ஆறு மணிக்குள்ள நான் கீழ போய் என் பேராசிரியருக்குப் பதில் அனுப்பியாகணும். இப்பவே மணி ரெண்டு.

— ரெண்டு மாசம் கழிச்சு, புருஷன் வேலை செய்யிற இடத்துக்கு வந்திருக்க. வந்ததும் வராததுமா போலீஸ் மாதிரி கதவைச் சாத்திட்டு விசாரணை.

— கதவைச் சாத்தினது குளிருக்கு. விசாரணை என் தீசிஸுக்கு.

— மூச்சு வாங்குது பாரு உனக்கு. இவ்வளவு உயரம் ஏறி வந்தா உடம்பு கொஞ்சம் பழகணும். முதல்ல உக்காரு. டீ போடவா?

— டீயும் வேணாம், ஒன்னும் வேணாம். ஜூன் பதினாலு.

— தங்கச்சி, பையை ஜீப்லயே போட்டுட்டு ஓடி வந்துட்ட. இந்தா. என்ன தம்பி, நல்லாயிருக்கியா? எதுக்கு ரெண்டு பேரும் கம்ப்யூட்டரை நடுவுல வெச்சுக்கிட்டு, சொத்துப் பிரிக்கிற மாதிரி ஆளுக்கொரு பக்கம் நிக்கிறீங்க?

— வாங்க டிரைவர் அண்ணே. உங்க தங்கச்சிக்குத் தூசு மேல சந்தேகம்.

— தூசு மேல சந்தேகமா? பெருக்கித் தள்ளிட்டாப் போச்சு. நான் சொல்றது சரியா, தப்பா?

— அண்ணே, இது பெருக்குற தூசு இல்ல. காத்துல மிதக்குறது. கண்ணுக்கே தெரியாது. இந்தப் பெட்டி இருக்கே, இது நிமிஷத்துக்கு நிமிஷம் அதை எண்ணிக்கிட்டே இருக்கு. ஒரு சர்க்கரைக் கட்டி அளவு காத்துல எத்தனை தூசுன்னு.

— எத்தனைதான் இருக்கும்?

— விடியக்காலைல முந்நூறு, நானூறு. ராத்திரி முழுக்க ஊர்க் காத்து குளிர்ந்துபோய், குடத்துல வண்டல் அடங்குற மாதிரி பள்ளத்தாக்குல அடங்கிக் கிடக்கும். அதனால இங்க மேல சுத்தமா இருக்கும். வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகும். பன்னெண்டரை மணி வாக்குல காத்து சரிவைப் பிடிச்சுக்கிட்டு மேல ஏற ஆரம்பிக்கும். லாரிப் புகை, அடுப்புப் புகை, செங்கல் சூளைப் புகை எல்லாத்தையும் சுமந்துக்கிட்டு ரெண்டரை மணிக்கு இங்க வந்து சேரும். அப்ப எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டிடும். சாயங்காலம் மறுபடி இறங்கிடும்.

— அட, என் வண்டி மாதிரியே! நானும் பன்னெண்டரைக்குத்தான் கிளம்பினேன். வழியெல்லாம் புகை. சாயங்காலம் இறங்கிடுவேன். ஒழுங்காத்தானே வருது போகுது, அப்புறம் என்னம்மா சந்தேகம்?

— நான் வெளிநாட்டுல இருந்த ஏழு மாசத்துல முதல் மூணு வாரம் போக, மீதி நாளெல்லாம் ரெண்டரை மணிக்கு வர வேண்டிய தூசு காலைல பத்தரைக்கே வந்திருக்குண்ணே.

— காத்து கிளம்புறதே பன்னெண்டரைக்குன்னு இப்பத்தானே சொன்ன?

— அதேதான். காத்து கிளம்புறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி, காத்து சுமந்துட்டு வர வேண்டிய தூசு இங்க வந்து உக்காந்திருக்கு.

— யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே.

— இதையேதான் நான் மூணாவது அத்தியாயத்துல அறுபது பக்கத்துக்கு எழுதி வெச்சிருக்கேன். நீங்க ஒரே வரில முடிச்சுட்டீங்க.

— அப்ப டாக்டர் பட்டத்தை எனக்குக் குடுத்துடச் சொல்லு. சரி, நீங்க பேசுங்க. நான் போய் வண்டிக்குத் தண்ணி ஊத்துறேன். மேகம் ஏறினா அந்த ஏழாவது வளைவுல என் கையே எனக்குத் தெரியாது. நாலு மணின்னா நாலு மணி, தங்கச்சி.

— சரிண்ணே. இப்ப சொல்லுங்க.

— என்னத்தச் சொல்ல? அதான் நீயே கண்டுபிடிச்சு எழுதிட்டியே. நேத்து ஏறி வந்த காத்துல கொஞ்சம் கீழ இறங்காம, மலைக்கு மேல பரண் மாதிரி தங்கிடுது. மறுநாள் காலைல வெயில் பட்டதும் பரண்ல இருக்கிற பழைய தூசு கொட்டுது. எனக்கே படிக்க நல்லாயிருந்துச்சு.

— நீங்க படிச்சீங்களா?

— நீ அனுப்பினியே. ரெண்டு தடவை படிச்சேன். ரெண்டாவது தடவை கொஞ்சம் புரிஞ்சுது.

— சொல்லவே இல்ல.

— கேக்கவே இல்ல.

— சரி, அதை விடுங்க. ஒன்னொன்னா வருவோம். மாசக் கணக்குல சராசரி போட்டப்ப எல்லாம் அழகா இருந்துச்சு. மே மாசம் ரெண்டரை மணி. ஜூன் ரெண்டுங்கெட்டான். ஜூலைலேருந்து பத்தரை. பருவம் மாறுது, அதோட தூசு நேரமும் மாறுதுன்னு எழுதிட்டேன். நேத்து பேராசிரியர் ஒரே ஒரு வரி எழுதியிருக்காரு. 'மாதமாக வேண்டாம், நாள் நாளாக வரைந்து காட்டுங்கள்.' வரைஞ்சேன். ஜூன் பதிமூணாம் தேதி ரெண்டரை மணி. ஜூன் பதினஞ்சாம் தேதி பத்தரை மணி. எந்த ஊர்லங்க ஒரே நாள்ல பருவம் மாறும்?

— பதினாலாம் தேதி?

— அன்னிக்குக் காலைப் பதிவு மட்டும் ஒன்னு மேல ஒன்னு ஏறிக் கந்தரகோளமா இருக்கு. கரண்ட் போயிருக்கும்னு அப்பவே வெட்டித் தூக்கிப் போட்டேன். அதான் கேக்குறேன். அன்னிக்கு நீங்க மட்டும்தான் இங்க இருந்தீங்க.

— பதினாலு, என்ன கிழமை?

— சனிக்கிழமை. ஏன் முகம் ஒரு மாதிரி ஆகுது?

— இல்ல, வந்து... யோசிக்கிறேன்.

— ஜெனரேட்டர் ஓட்டினீங்களா? தினமும் பத்தரைக்கு?

— கரண்ட் இருக்கிறப்ப எதுக்கு ஜெனரேட்டர்?

— அதுவும் சரிதான். ஜெனரேட்டர் புகைன்னா ஊசி மாதிரி சுர்ருனு ஏறிச் சட்டுனு இறங்கும். இது மெதுவா ஏறி, மெதுவா இறங்குது. சமையல்?

— எனக்கு நான் சமைக்கிற சமையலுக்கு மூவாயிரம் தூசா? வெந்நீர் தவிர வேற எதுவும் வைக்கத் தெரியாத கை இது.

— உறிஞ்சுற குழாயை மாத்தினீங்களா? வேற பக்கம் திருப்பினீங்களா?

— அதுல கை வெச்சா நீ என் கையை வெட்டிருவ. தொடல.

— யாராவது வந்தாங்களா?

— யாரு?

— அதைத்தான் நான் கேக்குறேன். தினமும் பத்தரை மணிக்கு. தவறாம. நல்லா சென்ட் அடிச்சுக்கிட்டு வந்தாக்கூட தூசு ஏறும்.

— அடேயப்பா. வந்தா ஒரு காக்கா வரும். அதுவும் பாதி வழில மூச்சு வாங்கித் திரும்பிப் போயிடும். இந்த உச்சிக்கு என்னைத் தேடிக்கிட்டு யாரும்மா வரப்போறா? கட்டினவளே ரெண்டு மாசம் கழிச்சு தூசைத் தேடிக்கிட்டுதான் வந்திருக்கா.

— பேச்சை மாத்தாதீங்க.

— மாத்தல. உன் கடைசிக் கேள்விக்குப் பதில் சொன்னேன்.

— எனக்குத் தலையே வெடிச்சுடும் போல இருக்கு. இங்க பாருங்க, இந்தப் படத்தைப் பாருங்க. இது மே மாசத்து ரெண்டரை மணி மேடு. இது ஆகஸ்ட் மாசத்து பத்தரை மணி மேடு. ஒன்னு மேல ஒன்னு வெச்சுப் பார்த்தா அதே முதுகு, அதே சரிவு. பரண்ல தங்கின பழைய தூசுன்னா உருவம் கொஞ்சமாவது மாறணும். இது அசல் ரெட்டைப் பிள்ளை மாதிரி இருக்கு. ஞாயித்துக்கிழமை சூளை ஓடாது, எண்ணிக்கை குறையும். அதுகூட அப்படியே குறையுது. அப்ப இது நேத்தைய தூசு இல்ல. இன்னிக்குத் தூசு. இன்னிக்குத் தூசு எப்படிங்க இன்னிக்குக் காத்துக்கு முன்னாடி வரும்? நடந்தா வந்துச்சு?

— காத்தோட நேரத்தை எந்தப் பெட்டி பதியுது?

— அது வெளிய இருக்கிற வானிலைப் பெட்டி. தனிக் கடிகாரம், தனிப் பேட்டரி. ஏன்?

— சும்மா. அப்ப இந்தத் தூசு எண்ணுற பெட்டிக்குள்ளயும் தனியா ஒரு கடிகாரம் இருக்கும். அப்படித்தானே?

— இல்ல. இது கம்ப்யூட்டர் சொல்ற நேரத்தைத்தான் எடுத்துக்கும்.

— இந்தக் கம்ப்யூட்டரா?

— வேற எந்தக் கம்ப்யூட்டர் இருக்கு இங்க? கடிகாரம் பிசகோன்னுதான் எனக்கும் முதல் சந்தேகம். உள்ள வந்ததும் அதைத்தான் பார்த்தேன். ஒரு நொடிகூடப் பிசகல.

— ஓ.

— என்ன 'ஓ'?

— ஒன்னுமில்ல. நான் ஒன்னு சொல்லவா? நீ பருவம்னே எழுதிடு.

— என்னது?

— இல்ல, வந்து... மலைன்னா ஒரே நாள்ல மாறத்தான் செய்யும். அன்னிக்கு மழை பிடிச்சுது. எனக்கு இப்ப நல்லா ஞாபகம் வருது. நல்ல மழை. அன்னிலேருந்து எல்லாமே மாறிடுச்சு. அப்படின்னு எழுதி அனுப்பிட்டு நீ நிம்மதியா இரு.

— அன்னிக்கு மழையே இல்ல. மழைமானி பூஜ்யம் காட்டுது.

— அப்ப மூடுபனி.

— ஏங்க, உங்களுக்கு என்ன ஆச்சு? ஒன்பது வருஷமா இந்தப் பெட்டியை இமை மாதிரி பாத்துக்குறவரு நீங்க. ஒரு நிமிஷப் பதிவு விட்டுப்போனாக்கூட தூங்க மாட்டீங்க. இப்ப என்னைக் கண்ணை மூடிக்கிட்டு எதையாவது எழுதச் சொல்றீங்க?

— பதில் சொல்லலன்னா என்ன ஆகும்?

— அந்த அத்தியாயத்தை எடுத்துடணும். அத்தியாயம் இல்லன்னா வெளிநாட்டுல குடுத்த வேலையும் இல்ல. அவங்க என்னைக் கூப்பிட்டதே அந்தப் பரண் கதைக்காகத்தான். உலகத்துல வேற எந்த மலையிலயும் காத்துக்கு முன்னாடி தூசு வந்ததில்ல.

— அதனாலதான் சொல்றேன். எழுதிடு. மூணு வருஷம் போயிட்டு வா.

— மூணு வருஷம்னு உங்களுக்கு யாரு சொன்னா? நான் இன்னும் சொல்லவே இல்லையே.

— டிரைவர் அண்ணன் சொன்னாரு. அவருகிட்ட எங்க அம்மா சொன்னாங்களாம்.

— நல்லாயிருக்கு. ஊருக்கெல்லாம் தெரிஞ்சப்புறம் புருஷனுக்குச் செய்தி. நானே இன்னிக்கு நேர்ல சொல்லலாம்னுதான் இருந்தேன்.

— ம்.

— 'ம்'மா? அவ்வளவுதானா? உங்க அம்மா ஒரு பாட்டம் அழுது தீர்த்தாங்க. எங்க அப்பா ஒரு வாரமா என்கூடப் பேசல. நீங்க என்னடான்னா, பஸ்ஸுக்கு வழி சொல்ற மாதிரி 'போயிட்டு வா'ங்கறீங்க.

— வேற என்ன சொல்லணும்? போகாதேன்னு சொல்லவா?

— சொல்லிப் பாருங்களேன். சொன்னா நான் கேக்கப் போறதில்ல, அது வேற விஷயம். ஆனா ஒரு மனுஷன் ஒரு வார்த்தையாவது சொல்லுவான்ல?

— எனக்குப் பேச வராதுன்னு தெரிஞ்சுதானே கட்டிக்கிட்ட.

— தெரியும். ஆனா அந்த ஏழு மாசம் இருக்கே, அதுக்கு அப்புறம்தான் எனக்கு முழுசாப் புரிஞ்சுது. எட்டு மெயில் போட்டீங்க. எட்டும் ஒரே மாதிரி. 'இங்கு மழை. இயந்திரம் நலம். நீயும் நலமா.' இயந்திரத்துக்கு அப்புறம்தான் நான். லேப்ல கூட இருந்த பொண்ணு படிச்சுக் காட்டச் சொன்னா. வெக்கமா இருந்துச்சு, வாரண்டி கார்டு மாதிரி இருக்கேன்னு.

— போன்ல கூப்பிட்டேனே.

— ஒரே ஒரு தடவை. நான் போய் மூணு வாரம் கழிச்சு. அதுவும் விடியக்காலை நாலு மணிக்கு! யாரோ செத்துட்டாங்கன்னு பதறி எடுத்தேன். 'என்ன பண்ற'ன்னு கேட்டீங்க. நாலு மணிக்கு என்ன பண்ணுவாங்க?

— இங்க சிக்னல் காலைல ஏழுலேருந்து ஒன்பது வரைக்கும்தான். அப்புறம் மேகம் ஏறிடும். உனக்கே தெரியும்.

— தெரியும். தூக்கக் கலக்கத்துல 'இங்க மணி என்னன்னு ஒரு நிதானம் வேணாமா'ன்னு கேட்டேன். ஒத்துக்குறேன். அதுக்காக அப்புறம் ஏழு மாசமும் கூப்பிடவே கூடாதா? அவ்வளவு ரோஷமா?

— ரோஷம் இல்ல.

— பின்ன என்ன?

— இல்ல, வந்து... அதை விடு. மணி மூணாகுது. பதிலை எழுது.

— என்னமோ இருக்கு. உங்க முகமே சரியில்ல. ஒன்னு சொல்லட்டுமா? என்னை அனுப்பி வைக்கிறதுல உங்களுக்கு இவ்வளவு அவசரம் இருக்கும்னு நான் நினைக்கல.

— நான் அனுப்பி வைக்கல. நீ கஷ்டப்பட்டுக் கட்டினது இடிஞ்சுடக் கூடாதுன்னு பாக்குறேன்.

— அது ஏன் இடியணும்? இடியும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

— குறிப்புப் புத்தகம் எங்க?

— எது?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க. நீங்க தினமும் கையால எழுதுற புத்தகம். போன வருஷத்து நீல அட்டை.

— அது எதுக்கு இப்ப? அதுல என்ன இருக்கப்போகுது? பம்ப் ஓடுது, விளக்கு எரியுது, இதானே.

— அதனாலதான் நானும் ஆறு மாசமா அதைத் திறக்கவே இல்ல. எந்த அலமாரி?

— அது, மேல எங்கயோ... தேடணும். எலி கடிச்சிருக்கும்.

— காக்காவே வராத இடத்துல எலி வந்துடுச்சா? நகருங்க. இதோ, முதல் தட்டுலயே இருக்கு. உங்களுக்குப் பொய் சொல்ல வரவே வராதுங்க. தயவுசெஞ்சு முயற்சி பண்ணாதீங்க. ஜூன்... ஜூன் பதினொன்னு, பன்னெண்டு, பதிமூணு. பதினாலு. 'பம்ப் நலம். வடிகட்டி நலம்.' எல்லாமே நலம்தான் உங்களுக்கு.

— அதான் சொன்னேனே. மூடி வெச்சுடு.

— இருங்க. ஜூன் பதினெட்டு, புதன். 'காலை 9:00, பூஜ்யம் பார்த்தது.' இருவத்தஞ்சு, புதன். 'காலை 9:00, பூஜ்யம் பார்த்தது.'

— வாராவாரம் செய்யிறதுதானே. புதன்கிழமை ஒன்பது மணிக்குக் குழாய் வாயில வடிகட்டியை மாட்டினா உள்ள ஒரு தூசுகூடப் போகாது. பத்து நிமிஷம் எண்ணிக்கை பூஜ்யம் காட்டணும். காட்டினா பெட்டி ஒழுங்கா இருக்குன்னு அர்த்தம்.

— தெரியும். நான்தான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன்.

— நான்தான் உனக்குச் சொல்லிக் குடுத்தேன். நீ மாணவியா முதல் தடவை இங்க வந்தப்ப, வடிகட்டியைத் தலைகீழா மாட்டிட்டு அழுதியே.

— அது சளி. அழல. பேசாம இருங்க, ஒரு நிமிஷம். அந்தப் பூஜ்யத்தையெல்லாம் நான் பார்த்ததே இல்ல. பதிவை எடுக்கிறப்பவே கம்ப்யூட்டர் அதைத் தானா வெட்டி எடுத்துடும். வெட்டாத பழைய பதிவு இங்கதானே இருக்கு? ஜூன் பதினெட்டு. இதோ. ஒன்பது மணி... ஒன்பது மணிக்குப் பூஜ்யம் இல்லையே. நானூத்திச் சொச்சம் ஓடிக்கிட்டிருக்கு.

— அன்னிக்கு மறந்திருப்பேன்.

— மறக்கல. பூஜ்யம் இருக்கு. ஆனா காலை அஞ்சு மணிக்கு இருக்கு. அஞ்சு மணிலேருந்து அஞ்சு பத்து வரைக்கும்.

— அப்படியா?

— ஜூன் இருவத்தஞ்சு. அஞ்சு மணி. ஜூலை ரெண்டு. அஞ்சு மணி. காலைல எழுப்பிவிட அஞ்சு அலாரம் வேணும் உங்களுக்கு. இருட்டுல, அந்தக் குளிர்ல, ஏணி ஏறி வடிகட்டி மாட்டிட்டு, புத்தகத்துல மட்டும் ஒன்பதுன்னு எழுதினீங்களா?

— தங்கச்சி, நாலுக்குக் கால் மணி நேரம்தான் இருக்கு. மேகம் கிளம்பிடுச்சு, இப்பவே கிளம்பினா உத்தமம். தம்பி, நீயாவது சொல்லு.

— அஞ்சு நிமிஷம்ணே. ஒரே அஞ்சு நிமிஷம்.

— உன் அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா? சரி, நான் இங்கயே கதவுகிட்ட நிக்கிறேன். பேசுங்க பேசுங்க, எனக்குக் காது கேக்காது.

— ஜூன் பதினொன்னு பாக்குறேன். பதினாலுக்கு முன்னாடி. புத்தகத்துல ஒன்பது. கம்ப்யூட்டர்லயும் ஒன்பது. புரியுதா உங்களுக்கு? பதினாலு வரைக்கும் ரெண்டும் ஒன்னு. பதினாலுக்கு அப்புறம் புத்தகத்துல ஒன்பது, கம்ப்யூட்டர்ல அஞ்சு. நீங்க கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதியிருக்கீங்க. அது சரி. கம்ப்யூட்டர்தான் நாலு மணி நேரம் பின்னாடி போயிருக்கு.

— ம்.

— பத்தரையோட நாலைக் கூட்டினா ரெண்டரை. ஐயோ. ரெண்டரை மணித் தூசு ரெண்டரை மணிக்கேதாங்க வந்திருக்கு. தினமும். ஏழு மாசமும். பரணும் இல்ல, மணியோசையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.

— உக்காரு. முதல்ல உக்காரு நீ.

— அறுபது பக்கம்! உலகத்துல எந்த மலையிலயும் இல்லாத அதிசயம்னு மேடை போட்டுப் பேசினேன். கைதட்டினாங்க. ஒரு கடிகாரத்துக்கா கை தட்டினாங்க?

— தண்ணி குடி.

— இப்ப கடிகாரம் சரியா ஓடுது. நொடி பிசகல. அப்ப அது தானாக் கெட்டுப்போனது இல்ல. கெட்டது தானாத் திரும்பாது. யாரோ மாத்தியிருக்காங்க. அப்புறம் நான் வந்ததும் திருப்பி வெச்சிருக்காங்க. உங்களுக்குத் தெரியும். பதினாலுன்னு சொன்னப்பவே உங்க முகம் மாறிடுச்சு.

— தெரியும்.

— யாரு மாத்தினது?

— நான்தான்.

— நீங்களா?

— அந்தப் பெட்டியும் இதே நேரத்தைத்தான் எடுத்துக்கும்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது. திரைல தெரியிற மணி மட்டும்தான் மாறும்னு நினைச்சேன். நீ இப்ப சொன்னப்பதான் எனக்கே தெரிஞ்சுது. சொன்னா உன் அத்தியாயம் போயிடும். சொல்லலன்னா நீ பொய்யை எழுதி வெச்சதா ஆயிடும். எனக்கு ஒன்னும் ஓடல. உன் பேராசிரியருக்கு என் பேரைப் போட்டே எழுது. தப்பு டெக்னீஷியனோடதுன்னு.

— தப்பு யாரோடதுன்னு நான் கேக்கல. ஏன் மாத்தினீங்கன்னு கேக்குறேன்.

— சும்மா.

— சும்மாவா? கம்ப்யூட்டர் கடிகாரத்தை சும்மா யாராவது நாலு மணி நேரம் பின்னாடி வைப்பாங்களா?

— சொன்னா நீ சிரிப்ப.

— என் மூஞ்சியைப் பாருங்க. சிரிக்கிற மூஞ்சியா இது? எனக்கு அங்க ஒரு வேலை கிடைச்சுடுமோன்னு பண்ணீங்களா? நான் ஜெயிச்சுடக் கூடாதுன்னா? வாய்விட்டுப் போகாதேன்னு சொல்ல முடியல, அதனால இப்படியா?

— சீச்சீ, என்ன பேச்சு இது! அண்ணே, நீங்க வண்டியை எடுங்க. இவளைப் பத்திரமா இறக்கிவிடுங்க. இருட்டிடப் போகுது.

— பதில் சொல்லாம அனுப்பாதீங்க என்னை. ஏழு மாசம் ஒரு நாள்கூட நான் எப்படி இருக்கேன்னு நினைக்காத ஆளு, இதுக்கு மட்டும் உக்காந்து மெனக்கெட்டிருக்கீங்க. ஏன்?

— அட, ஏம்மா தம்பியைப் போட்டு இந்த வறு வறுக்குற, அது இன்னும் சாப்பிடக்கூட இல்ல, அந்தா டிபன் பாக்ஸ் மூடினபடியே இருக்கு பாரு. ஆனா அது பழகின வயிறு. நீ அங்க இருந்த ஏழு மாசமும் புதன்கிழமை புதன்கிழமை நான் சாமான் இறக்கிட்டு இங்கதானே ராத்தங்குவேன், மத்தியானச் சாப்பாட்டைச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் தொட மாட்டான். 'என்ன தம்பி இது, வயிறு காயுது, சாப்பிடு'ன்னு சொன்னா, இந்தக் கம்ப்யூட்டர்ல மணியைப் பார்த்துட்டு, 'அவளுக்கு அங்க இப்பத்தாண்ணே சுமாரா ஒரு மணி ஆகப்போகுது, அவளும் சாப்பிட வரட்டும்'னு சொல்லுவான்.